மூன்று மாதமாகியும் தீராத இரட்டைப் பார்வை: ஆறாவது மண்டை நரம்பை நாடி அழுத்திய ஒரு நிகழ்வு

சீனி வருத்தமும் பிறசரும் உள்ள ஒருவருக்குத் திடீரென்று இரண்டாகத் தெரியத் தொடங்கினால், “சீனியால் நரம்பு சோர்ந்துவிட்டது, தானாகச் சரியாகும்” என்று சொல்லி அனுப்புவது இலங்கையின் கிழக்கிலுள்ள கிளினிக்குகளில் வழக்கம். பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். ஆனால் அந்த முடிவுக்கு ஒரு தவணை உண்டு. தவணை கடந்த பிறகும் கிளினிக் கொப்பியில் அதே வரியைத் திரும்பத் திரும்ப எழுதுவதால் சிலரின் நரம்பு மெல்ல மெல்லக் கெட்டுப்போகிறது. அப்படித் தவறவிடப்படக்கூடிய ஒரு காரணத்தைப் பற்றியது இந்த ஆய்வு: மூளைத்தண்டுக்கு அருகே விரிந்து வளைந்த நாடி (தமனி), கண்ணை வெளிப்பக்கம் திருப்பும் ஆறாவது மண்டை நரம்பை அழுத்துவது.

கீழே வருவது தனியொருவரின் கோப்பு அல்ல. இவ்வகை நோயாளிகளிடம் காணப்படும் அறிகுறிகளையும் சிகிச்சைப் போக்கையும் கொண்டு கற்பித்தலுக்காகக் கோர்த்த நிகழ்வு.

நோயாளி

வயது 61. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் வயல் செய்பவர். பிறசர் 12 வருடமாக, நீரிழிவு 6 வருடமாக உண்டு. மூட்டு நோவுக்கு பார்மசியில் டைக்ளோபெனாக் குளிசையைத் தானாகவே வாங்கிப் போடும் பழக்கம் இருந்தது. இரட்டைப் பார்வை தொடங்கி ஆறாம் நாள் கண் பிரிவுக்கு வந்தார். அவர் சொன்ன முறைப்பாடு இது: “கிட்ட வரம்பு ஒண்டுதான் ஐயா. தூரத்தில ரெண்டு. எதில போறதெண்டு தெரியல்ல.”

இந்த ஒரு வசனத்திலேயே பாதி நோயறிதல் கிடைத்துவிடுகிறது. தூரத்தைப் பார்க்கக் கண்கள் சற்று விலக வேண்டும். கிட்டப் பார்க்க உள்ளே குவிய வேண்டும். கண்ணை வெளிப்பக்கம் இழுக்கும் வெளிநேர்த்தசை சோர்ந்தவருக்குக் கிட்டப் பார்வையில் அந்தத் தசைக்கு வேலை குறைவு. அதனால் தூரத்தில் இரண்டு, கிட்டத்தில் ஒன்று. இரண்டு உருவங்களும் பக்கத்துக்குப் பக்கமாகத் தெரிந்தன. ஒரு கண்ணைப் பொத்தினால் ஒன்றாகின. இடப்பக்கம் பார்த்தால் இடைவெளி கூடியது. பரிசோதனை அறைக்குள் வரும்போதே முகத்தை இடப்பக்கம் 15 பாகையளவு திருப்பி வைத்திருந்தார். சோர்ந்த தசைக்கு வேலை கொடுக்காமல் ஒன்றாகப் பார்ப்பதற்கு உடல் தானாகக் கண்டுபிடிக்கும் வழி அது.

முதல் நாள் அளவுகள்: இடது கண் வெளிப்பக்கம் திரும்புவதில் 2 படி குறைவு (0 என்றால் முழு அசைவு, 4 படி குறைந்தால் கண் நடுக்கோட்டைத் தாண்டாது). ஒளியை வளைக்கும் பிரிசக் கண்ணாடியுடன் கண்ணை மாறி மாறிப் பொத்தி அளந்தபோது, கண் உள்ளே திரும்பிய கோணம் 6 மீற்றரில் 20 பிரிசம் டயொப்டர், 33 செ.மீ. தூரத்தில் 8. குருதியமுக்கம் 168/98. கடந்த மாதங்களின் சராசரிச் சீனியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. 7.9 வீதம். அழற்சியைக் காட்டும் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. இரண்டும் இயல்பு.

முதல் நாளே விலக்க வேண்டியவை

ஆறாவது நரம்பு மூளைத்தண்டின் நடுப்பகுதியான பொன்ஸும் கீழ்ப்பகுதியான மெடுல்லாவும் சந்திக்கும் பள்ளத்தில் வெளிப்பட்டு, மண்டையின் அடியிலுள்ள கிளைவஸ் எலும்பை ஒட்டி மேலேறி, டொரெல்லோ கால்வாய்க்குள் நுழைந்து, கண்குழிக்குப் பின்னுள்ள நாள அறையான கவர்னஸ் சைனஸ் வழியாகக் கண்குழிக்கு வருகிறது. அந்தப் பாதையில் எங்கு பழுது ஏற்பட்டாலும் வெளியே தெரிவது ஒன்றுதான்: கண் வெளிப்பக்கம் போகாது. ஆகவே பழுது எங்கே என்பதை நரம்பின் அயலவர்களைக் கேட்டுத்தான் அறிய வேண்டும். அதே பக்க முகத் தசை சோர்ந்திருந்தால் பொன்ஸ். முகத்தில் விறைப்பும் காதில் நோவும் இருந்தால் உட்காதைச் சூழ்ந்த பெற்றஸ் எலும்பின் நுனி. கண்மணி சுருங்கி இமை சற்றுத் தாழ்ந்திருந்தால் கவர்னஸ் சைனஸ்.

இரு பார்வை நரம்புத் தட்டுகளையும் பார்க்காமல் இந்த நோயாளிகளை வீட்டுக்கு விடக்கூடாது. மண்டைக்குள் அமுக்கம் கூடினால் ஆறாவது நரம்பு எங்கும் கட்டியில்லாமலே சோர்ந்துபோகும். மூக்கடைப்பு, ஒரு காதில் அடைப்பு, கழுத்தில் கட்டி என்று எதையாவது சொன்னால் மூக்கின் பின்தொண்டையைக் காது மூக்குத் தொண்டை நிபுணர் பார்த்தே ஆக வேண்டும். அங்கே எழும் புற்றுநோய் முதலில் இந்த நரம்பைத் தாக்கி வெளிப்படுவதுண்டு. தசைகள் விரைவில் களைத்துப்போகும் மயஸ்தீனியா நோயா என்றறிய ஒரு நிமிடத்துக்கு மேலாக மேலே பார்க்கச் செய்து இமை தாழ்கிறதா என்று கவனிக்க வேண்டும். தைரொயிட் நோயில் தசை வீங்கி இறுகுவதாலும் கண் வெளியே போகாது. மரக்கச் செய்த கண்ணை இடுக்கியால் பிடித்து வெளிப்பக்கம் இழுத்தால் அந்த இறுக்கம் கைக்கே தெரியும். இவரில் அப்படி எதுவும் இருக்கவில்லை.

இந்த இடத்தில் மூன்றாவது நரம்பைப் பற்றி ஒரு பத்தி எழுதாமல் போக முடியாது. இமை தாழ்ந்து, கண் வெளிப்பக்கமாகவும் கீழாகவும் ஒதுங்கி, கண்மணி விரிந்திருந்தால் அது வேறு கணக்கு. கண்மணியைச் சுருக்கும் இழைகள் மூன்றாவது நரம்பின் மேற்பரப்பில் ஓடுகின்றன. வெளியிலிருந்து ஒன்று அழுத்தினால் முதலில் அடிபடுவது அவைதான். அழுத்துவது பெரும்பாலும் பின் இணைப்பு நாடியில் எழுந்த குமிழ். அது வெடித்தால் மூளையைச் சுற்றி இரத்தம் பரவும். களுவாஞ்சிக்குடியிலோ அக்கரைப்பற்றிலோ பொத்துவிலிலோ இப்படி ஒருவர் வந்தால் அடுத்த கிளினிக் திகதி கொடுக்கக்கூடாது. அன்றே நாடிகளைக் காட்டும் சி.ரி. அஞ்சியோகிராம் எடுக்கக்கூடிய வைத்தியசாலைக்கு அம்புலன்ஸில் அனுப்ப வேண்டும். நரம்பியல் சத்திரசிகிச்சை நிபுணருடன் பேசாமல் அஸ்பிரின் தொடங்கக்கூடாது. கண்மணியின் அளவை வெளிச்சத்திலும் இருட்டிலும் அளந்து எழுதும் வரை கண்ணை விரிக்கும் துளி மருந்தைப் போடக்கூடாது. துளி விழுந்தால் அந்த ஆதாரமே அழிந்துபோகும்.

நம்முடைய நோயாளியின் கண்மணிகள் இரண்டும் சமம். மற்ற மண்டை நரம்புகள் எல்லாம் நன்றாக இருந்தன.

முதல் 12 வாரங்கள்

50 வயதைத் தாண்டிய, பிறசரும் சீனியும் உள்ள, வேறு அறிகுறி இல்லாத ஒருவருக்கு முதல் நாளே எம்.ஆர்.ஐ. எடுப்பதா, காத்திருப்பதா என்பதில் நிபுணர்களிடையே இரு கருத்துகள் உண்டு. ஸ்கான் இலகுவில் கிடைக்கும் இடத்தில் எடுப்பதில் தவறில்லை. கிடைக்காத இடத்தில் காத்திருக்கலாம். ஆனால் காத்திருப்பது என்றால் அளந்துகொண்டு காத்திருப்பது. சிறு குருதிக்குழாய் அடைப்பால் வந்த சோர்வு வழமையாக 3 மாதத்துக்குள் தேறும். சிலருக்கு 6 மாதம் வரை இழுக்கும். அது தேறும் திசையில் போக வேண்டும். எதிர்த்திசையில் போனால் அந்தப் பெயரைக் கைவிட வேண்டும்.

முதலில் மூக்குக்கண்ணாடியின் இடது வில்லையில் ஒளி மட்டும் ஊடுருவும் ரேப் ஒட்டிக் கொடுக்கப்பட்டது. கறுப்புத் துணியால் கண்ணைக் கட்டுவதைவிட இது நல்லது: வியர்க்காது, தேவையானபோது கண்ணாடியைக் கழற்றினால் போதும். மோட்டார் சைக்கிளும் லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரமும் ஓட்டுவது தடை செய்யப்பட்டது. ஒரு கண்ணால் தூரத்தைக் கணிக்கப் பழக நாளெடுக்கும். வலையிறவுப் பாலத்தில் எதிரே வரும் வாகனத்தின் தூரத்தைத் தப்பாகக் கணித்தால் திருத்திக்கொள்ள அவகாசம் இருக்காது.

6 வாரத்தில் தூர அளவு 20இலிருந்து 25 ஆனது. அப்போது இடது வில்லையில் 20 டயொப்டர் பிரெனெல் பிரிசம் (மெல்லிய தகடாக வரும் பிரிசம்), அடிப்பக்கம் வெளியே பார்க்க, ஒட்டப்பட்டது. அளந்த கோணம் முழுவதற்கும் பிரிசம் போட வேண்டியதில்லை. நேரே பார்க்கையில் இரு உருவங்களும் சேரும் மிகக் குறைந்த அளவே சரியான அளவு. மீதியை நோயாளியின் மூளை சேர்த்துக்கொள்ளும்.

பிரெனெல் தகட்டை ஒட்டும் முறை எளிது, பிழைப்பதும் எளிது. வில்லையின் வடிவத்தைக் கடதாசியில் வரைந்து, தகட்டைக் கூர்மையான கத்தரிக்கோலால் அதைவிட ஒரு மி.மீ. சிறிதாக வெட்ட வேண்டும். வெட்டுவதற்கு முன்பே அடிப்பக்கம் எது என்று பேனாவால் குறிக்கத் தவறினால் தகட்டைத் திருப்பி ஒட்டிவிடுவோம். இரட்டைப் பார்வை இரு மடங்காகும். பிறகு தகடு, கண்ணாடி இரண்டையும் இளஞ்சூட்டு நீருள்ள கோப்பைக்குள் அமிழ்த்தி, வழுவழுப்பான பக்கம் வில்லையின் உட்புறத்தில் படும்படி நீருக்குள்ளேயே ஒட்ட வேண்டும். வெளியே ஒட்டினால் காற்றுக் குமிழ் சிக்கும். பெருவிரலால் நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்தி நீரை வெளியேற்றி, ஒரு நாள் துடைக்காமல் விட வேண்டும். தகட்டின் பள்ளங்களில் வியர்வையும் புழுதியும் படியும். நெற்சூடு மிதிக்கும் காலத்தில் இது பெரிய தொல்லை. சவர்க்கார நீரில் மென்மையான பல் தூரிகையால் கழுவலாம். துணியால் தேய்த்தால் கீறல் விழும். தகடு போட்ட கண்ணில் பார்வை ஓரிரு வரி மங்கும் என்பதை முன்பே சொல்லிவைக்காவிட்டால், “கண்ணாடி பிழை” என்று கழற்றி வைத்துவிடுவார்கள். பிரிசம் நேர்ப்பார்வைக்கு மட்டுமே உதவும், இடப்பக்கம் திரும்பினால் மறுபடி இரண்டாகும் என்பதையும் சொல்ல வேண்டும்.

இந்தத் தகட்டால் இன்னொரு பயனும் உண்டு. போட்ட அன்று சேர்ந்த உருவங்கள் சில வாரத்தில் பிரிந்தால் கோணம் கூடுகிறது என்று பொருள். நோயாளி வீட்டிலிருந்தே அதை அறிவார். இவர் 10ஆம் வாரத்தில், “கண்ணாடி போட்டும் பழையபடி ரெண்டாத் தெரியுது” என்று திகதிக்கு முன்பே வந்தார். 12ஆம் வார அளவு: தூரத்தில் 35, கிட்டத்தில் 18, அசைவு 3 படி குறைவு. இனி இதைச் சீனியின் தலையில் போட முடியாது.

ஸ்கான் கேட்கும் விதம்

“எம்.ஆர்.ஐ. மூளை” என்று மட்டும் எழுதி அனுப்பினால் 5 மி.மீ. தடிப்பான வெட்டுகளில் படம் வரும். ஆறாவது நரம்பின் தடிப்பே ஒன்றிரண்டு மி.மீ. தான், இரு வெட்டுகளுக்கு நடுவே அது காணாமல் போகும். “இயல்பு” என்ற அறிக்கை வரும், ஆறு மாதம் வீணாகும். கேட்க வேண்டியவை இவை: பொன்ஸிலிருந்து கண்குழி வரை ஒரு மி.மீ.க்கும் குறைந்த வெட்டுகளில் சி.ஐ.எஸ்.எஸ். அல்லது ஃபியெஸ்ரா எனப்படும் முப்பரிமாணப் படம்; நாடிகளுக்கான எம்.ஆர். அஞ்சியோகிராம், கொன்ட்ராஸ்ட் ஊசிக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள், கண்குழியின் குறுக்குவெட்டில் கொழுப்பை மறைத்த படம். விண்ணப்பத்தில் எந்தப் பக்கம், எத்தனை வாரம், கூடுகிறதா குறைகிறதா என்று எழுத வேண்டும். கதிரியக்க நிபுணர் எந்த இடத்தைப் பார்ப்பார் என்பதை அந்த மூன்று விவரங்களும் தீர்மானிக்கின்றன. கொன்ட்ராஸ்ட் கொடுக்குமுன், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியற்றினின் பார்த்திருக்க வேண்டும்.

கிழக்கில் மறக்கக்கூடாத ஒரு கேள்வி உண்டு: உடம்பில் ஷெல் (எறிகணை) துண்டோ குண்டுச் சன்னமோ இருக்கிறதா? போர்க்காலத்துக் காயத்தை ஆறிய தழும்பாகவே பலர் நினைக்கிறார்கள். உள்ளே உலோகம் கிடப்பதை மறந்திருப்பார்கள், சிலருக்குத் தெரிந்தேயிராது. தழும்பு இருந்தால் முதலில் எக்ஸ்-றே. கண்குழியில் உலோகத் துகள் இருந்தால் எம்.ஆர்.ஐ. கூடாது, காந்தப் புலத்தில் அது அசைந்து பார்வையையே பறிக்கலாம். அரைஞாண், தாயத்து, காப்பு, தாலிக்கொடி ஆகியவற்றை எங்கே, யாரிடம் கழற்றிக் கொடுப்பது என்பதை வீட்டிலிருந்து புறப்படும்போதே பேசிவைப்பது நல்லது.

படத்தில் தெரிந்தது: கழுத்து வழியாக மூளைத்தண்டுக்கு வரும் இடது வேர்டிபிரல் நாடி 6.2 மி.மீ. வரை விரிந்து, நடுவிலிருந்து இடப்பக்கம் வளைந்து, பொன்ஸும் மெடுல்லாவும் சந்திக்கும் இடத்தை உள்நோக்கித் தள்ளியிருந்தது. ஆறாவது நரம்பு வெளிப்படும் இடத்தில் அந்த நாடியின் முதுகில் ஏறி, வில்லாக வளைந்து, தட்டையாகியிருந்தது. இரு வேர்டிபிரல் நாடிகளும் சேர்ந்து உருவாகும் பசிலர் நாடி 4.9 மி.மீ.; 4.5 மி.மீ.க்கு மேல் போனால் விரிவு என்பது வழக்கமான வரையறை. குமிழ் இல்லை, நாடிச் சுவர் கிழிந்து இரத்தம் உறைந்ததற்கான அடையாளம் இல்லை, மூளைத்தண்டில் அடைப்புத் தழும்பு இல்லை. இடது வெளிநேர்த்தசை வலதைவிடச் சற்று மெலிந்திருந்தது.

வயலுக்கு நீர் இறைக்கும் றப்பர் குழாய் வருடக்கணக்கான அமுக்கத்தில் நீண்டு, பருத்து, வளைந்து கிடப்பது போலத்தான் இந்த நாடியும் ஆகிறது. சுவரின் மீள்தன்மை இழைகள் சிதைவதால் நீளமும் விட்டமும் கூடுகின்றன. மண்டைக்குள் கூடிய நீளத்துக்கு இடமில்லாததால் நாடி பக்கவாட்டில் வளைகிறது.

தொடுவதும் அழுத்துவதும்

படத்தில் நாடி நரம்பைத் தொட்டுக்கொண்டிருப்பதைக் கண்டதும் காரணம் கிடைத்துவிட்டது என்று எண்ணுவது இன்னொரு பெரிய பிழை. முன் கீழ்ச் சிறுமூளை நாடி ஆறாவது நரம்பை உரசி ஓடுவது, சில வேளை அதைப் பிரித்துக்கொண்டே ஓடுவது, எந்த நோயும் இல்லாதவரிலும் சாதாரணம். விரிந்த நாடி உள்ளவர்களிலும் பலர் எந்த அறிகுறியும் இல்லாமல் வாழ்கிறார்கள். ஆகவே நாடியைக் குற்றவாளியாக்க இத்தனையும் ஒத்துப்போக வேண்டும்: நரம்பு இடம்பெயர்ந்தோ தட்டையாகியோ இருக்க வேண்டும், அது சோர்ந்த கண்ணின் பக்கமாக இருக்க வேண்டும், நோய் கூடிக்கொண்டோ வந்து வந்து போய்க்கொண்டோ இருக்க வேண்டும், மற்றக் காரணங்கள் விலக்கப்பட்டிருக்க வேண்டும்.

இவரிடம் 16ஆம் வாரத்தில் இன்னொரு சாட்சியும் வந்தது. இடது கண்ணின் கீழிமை துடிக்கத் தொடங்கி, இரு வாரத்தில் வாயின் இடக் கோணம் வரை இழுத்தது. ஏழாவது நரம்பு மூளைத்தண்டிலிருந்து வெளிவருவது ஆறாவதற்குச் சற்று வெளிப்புறத்தில். அதே நாடி அதையும் தொட்டால் முகத்தின் ஒரு பக்கம் துடிக்கும். அடுத்தடுத்த இரு நரம்புகள் ஒரே பக்கத்தில் ஒரே நாடியின் ஓரத்தில் பாதிக்கப்படுவதைத் தற்செயல் என்று சொல்வது கடினம்.

சத்திரசிகிச்சைக்கு முன்

முதலில் குருதியமுக்கம். அம்லோடிபின் 5 மி.கி.யிலிருந்து 10 ஆக உயர்ந்தது, லொசார்டன் 50 மி.கி. காலையும் மாலையும் சேர்ந்தது, டைக்ளோபெனாக் நின்றது. இந்த நோவுக் குளிசைகள் உப்பையும் நீரையும் உடலில் தேக்கி, பிறசர்க் குளிசையின் வேலையைக் கெடுக்கும். வயல் வேலை செய்பவர்களில் பிறசர் அடங்காததற்கு இது அடிக்கடி கேட்கப்படாத காரணம். கருவாடும் ஊறுகாயும் குறைக்கப்பட்டன. 8 வாரத்தில் வீட்டு அளவு 130/80இன் கீழ் வந்தது. திடீரென்று இறக்கவில்லை: விரிந்த நாடியில் ஓட்டம் மந்தம், சட்டென்று அமுக்கம் விழுந்தால் மூளைத்தண்டுக்கு இரத்தம் போதாமல் போகலாம்.

அஸ்பிரின் தொடங்கப்படவில்லை. ஏற்கெனவே பாரிசவாதம் வந்தவருக்கு அதைக் கொடுக்கும் நியாயம் வேறு. அடைப்பே இல்லாதவருக்கு, விரிந்துகொண்டிருக்கும் நாடியில், அதை வழக்கமாகக் கொடுப்பதில் இரத்தக் கசிவு ஆபத்து இருக்கிறது.

காத்திருக்கும் காலத்தில் எதிர்த்தசையான உள்நேர்த்தசைக்கு பொட்டுலினம் ஊசி போடும் வழியும் உண்டு. 2.5 முதல் 5 அலகு வரை போட்டால் சில நாளில் வேலை செய்து, ஏறக்குறைய 3 மாதம் நிற்கும்; அந்தத் தசை சுருங்கி இறுகிப்போவதைத் தடுக்கும். இமை தாழ்வது இதன் பொதுவான தொல்லை. இவருக்கு அது போடப்படவில்லை: சத்திரசிகிச்சைக்குப் பிறகு நரம்பு தேறுகிறதா என்று அளக்கும்போது ஊசியின் பலனும் கலந்து கணக்கைக் குழப்பும் என்பதால்.

கண் நிரந்தரமாகச் சோராமல், சில விநாடிகள் இழுத்துப் பிடித்து இரட்டையாகத் தெரிந்து பிறகு சரியாகும் வகையினருக்கு நடைமுறை வேறு. அவர்களுக்கு முதலில் கார்பமசெபின் 100 மி.கி. இரு வேளை தொடங்கி மெல்லக் கூட்டுவது வழக்கம். சோடியம் குறைகிறதா என்று பார்க்க வேண்டும். தோல் உரிந்து உயிராபத்தாகும் ஒவ்வாமைக்கும் எச்.எல்.ஏ.-பி 15:02 மரபணு வகைக்கும் தொடர்பு ஆசிய மக்களில் அறியப்பட்டது. பரிசோதனை கிடைத்தால் செய்யலாம். தோலில் தடிப்போ வாயில் புண்ணோ வந்தால் குளிசையை உடனே நிறுத்திவிட்டு வரும்படி சொல்லியே கொடுக்க வேண்டும்.

20ஆம் வாரத்தில் கோணம் 40 ஆனது. பிறசர் அடங்கியும் நரம்பு பின்வாங்கவில்லை. நாடியை நரம்பிலிருந்து விலக்கும் சத்திரசிகிச்சை பற்றி அப்போதுதான் பேசப்பட்டது. முகநோவு நரம்பை நாடி அழுத்துவதை 1967இல் பீற்றர் ஜனெற்றா விவரித்ததிலிருந்து இந்த முறை வளர்ந்தது. முகத் துடிப்புக்கும் முகநோவுக்கும் இதன் பலன் நன்கு நிறுவப்பட்டது. ஆறாவது நரம்புச் சோர்வுக்கு இருக்கும் சான்றோ தனி நிகழ்வுகளும் சிறு தொகுப்புகளும் மட்டுமே. இந்த வித்தியாசத்தைக் குடும்பத்தாரிடம் மறைக்கக்கூடாது. மனைவி கேட்ட கேள்வி நேரானது: “கண்ணுக்காக மண்டையத் திறக்கத்தான் வேணுமா?” நேரான பதில்: கோணம் நிலைத்து நின்றிருந்தால் தேவையில்லை, பிரிசமோ கண் தசைச் சத்திரசிகிச்சையோ போதும். கூடிக்கொண்டே போவதும், ஏழாவது நரம்பும் தொடப்பட்டதும்தான் காரணம்.

சத்திரசிகிச்சை

பக்கவாட்டில் படுக்க வைத்து, தலையை மூன்று ஊசிப் பிடியில் நிறுத்தி, இடது காதுக்குப் பின்னால் ஏறக்குறைய 3 செ.மீ. எலும்புச் சாளரம் திறக்கப்பட்டது. சிறுமூளையை இழுப்பதற்கு முன் மூளையைச் சூழ்ந்த நீரை வடிய விட்டுப் பொறுத்திருந்தால் அது தானாகத் தளர்ந்து விலகும். இந்தச் சில நிமிடப் பொறுமைதான் காதைக் காப்பாற்றுகிறது. கேட்டலுக்கான எட்டாவது நரம்பு இழுவையைத் தாங்காது. காதில் ஒலி கொடுத்து மூளைத்தண்டின் பதிலைத் தொடர்ந்து பதிய வேண்டும். ஐந்தாவது அலை 1 மில்லிவிநாடி தாமதித்தாலோ உயரம் பாதியாகக் குறைந்தாலோ கையை எடுத்து, இழுவையைத் தளர்த்தி, வெதுவெதுப்பான சேலைன் விட்டுக் காத்திருக்க வேண்டும். விழுங்கலுக்கும் குரலுக்குமான கீழ்நரம்புகளின் அருகே கருவி படும்போது இதயத்துடிப்பு சட்டென்று குறையும். மயக்க மருந்து நிபுணர் அதை உரக்கச் சொல்லும் ஒழுங்கு இருக்க வேண்டும்.

ஆறாவது நரம்பு ஆழத்தில், ஏழாவதுக்கும் எட்டாவதுக்கும் முன்னால் கிடக்கிறது. இவரில் அது சாம்பல் நிறமாகி நாடாவைப் போலத் தட்டையாகியிருந்தது.

சிறிய நாடி என்றால் நரம்புக்கும் அதற்கும் நடுவே டெப்லோன் பஞ்சை வைத்தால் போதும். 6 மி.மீ. தடித்த, சுவர் இறுகிய வேர்டிபிரல் நாடிக்கு அது போதாது. இடைவெளியே இல்லாத இடத்தில் பஞ்சைத் திணித்தால் பஞ்சே நரம்பை அழுத்தும். நாடியின் ஒவ்வொரு துடிப்பும் பஞ்சு வழியாக நரம்பில் இறங்கும். ஆகவே நாடியை முன்புறமாகவும் வெளிப்புறமாகவும் நகர்த்தி, கோர்-டெக்ஸ் எனும் செயற்கைப் பொருளாலான பட்டியொன்றை அதைச் சுற்றிக் கொடுத்து, பெற்றஸ் எலும்பின் மேலுள்ள மூளையுறையோடு சேர்த்துத் தைத்தார்கள். இங்கே இரு ஆபத்துகள். ஒன்று, நாடியின் உட்பக்கத்திலிருந்து மூளைத்தண்டுக்குள் போகும் மயிரிழைக் கிளைகள். பட்டி கொடுக்குமுன் அந்தப் பக்கத்தை முழுவதும் கண்ணால் பார்க்க வேண்டும். ஒரு கிளை அறுந்தாலும் மூளைத்தண்டில் அடைப்பு. மற்றது, பட்டியை இறுக்கினால் நாடி மடங்கி ஓட்டம் நிற்கும். தைத்த பின் டொப்ளர் முனையை வைத்து ஓட்டத்தைக் கேட்டே மூட வேண்டும். நாடி விலகியதும் முகத்தசையில் பதிவாகிக்கொண்டிருந்த பிறழ்ந்த மின்பதில் மறைந்தது. அழுத்தம் நீங்கியதற்கு மேசையிலேயே கிடைக்கும் அடையாளம் அது.

மூடும்போது காதுக்குப் பின்னுள்ள மாஸ்டொயிட் எலும்பின் காற்றறைகள் திறந்திருந்தால் மெழுகால் அடைக்க வேண்டும். விட்டால் மூளை நீர் நடுக்காதுக்கும், அங்கிருந்து மூக்குக்கும் வடியும்.

பிறகு

விழுங்கும் பரிசோதனை செய்யும் வரை வாயால் நீர்கூடக் கொடுக்கப்படவில்லை. குரல் இரு வாரம் கரகரத்தது. கேட்டல் குறையவில்லை. முகத் துடிப்பு நின்றது. கண்ணோ முதல் நாள் முன்னைவிட மோசம்: நடுக்கோட்டையே தாண்டவில்லை. தொட்டு விலக்கிய நரம்பு சில வாரம் ஓய்வெடுப்பது எதிர்பார்க்கக்கூடியதே. இதை முன்கூட்டிச் சொல்லாவிட்டால் குடும்பம் நம்பிக்கை இழந்துவிடும்.

6 வாரத்தில் தூர அளவு 30. 3 மாதத்தில் 16. 6 மாதத்தில் 8. ஒவ்வொரு 4 வாரமும் பிரெனெல் தகடு குறைந்த அளவுக்கு மாற்றப்பட்டது. மாற்றாமல் விட்டால், தேறிவரும் கண்ணுக்குப் பழைய தகடு கூடுதலாகி, எதிர்ப்பக்கம் இரண்டாகத் தெரியும். நோயாளி “திரும்பவும் வந்துட்டுது” என்று பயப்படுவார். ஒரு வருடத்தில் தூரத்தில் 6, கிட்டத்தில் 0, அசைவு 1 படி குறைவு. இரு வில்லைகளிலும் 3 டயொப்டர் வீதம் அரைத்த பிரிசத்துடன் நேர்ப்பார்வை ஒன்றானது. கடைசி இடக்கோணத்தில் மட்டும் இரண்டாகத் தெரிகிறது. அதற்குத் தலையைத் திருப்பிக்கொள்கிறார். மோட்டார் சைக்கிள் ஓட்டும் அனுமதி அதன் பிறகுதான் கொடுக்கப்பட்டது.

இப்படித் தேறாதவர்கள், அல்லது வயதும் நாடிச் சுண்ணாம்பும் காரணமாக மண்டையைத் திறக்க முடியாதவர்கள் கைவிடப்பட்டவர்கள் அல்லர். கோணம் 6 மாதம் மாறாமல் நின்றால், தசையில் ஓரளவு பலம் இருக்கையில் உள்நேர்த்தசையைப் பின்னகர்த்தி வெளிநேர்த்தசையைச் சுருக்கலாம். பலமே இல்லையென்றால் மேல், கீழ் நேர்த்தசைகளை வெளிப்பக்கம் இடம் மாற்றலாம். ஒரே கண்ணில் பல நேர்த்தசைகளைப் பிரித்தால் கண்ணின் முன்பகுதிக்கு இரத்தம் குறையும் என்பதால், நீரிழிவு உள்ளவரில் எத்தனை தசையைத் தொடுவது என்பதை அளந்தே முடிவெடுக்க வேண்டும்.

நாடியின் விரிவு சத்திரசிகிச்சையால் மாறுவதில்லை. அது நகர்த்தப்பட்டது மட்டுமே. ஆகவே வருடத்துக்கொரு எம்.ஆர். அஞ்சியோகிராம், வீட்டில் வாரமிருமுறை பிறசர் அளவு, கண் பிரிவில் 6 மாதத்துக்கொரு தடவை பிரிசம் அளவு என்று ஒழுங்கு செய்யப்பட்டது. தண்ணீர் குடிக்கையில் புரைக்கேறல், நடை தள்ளாட்டம், இதுவரை அறியாத கடும் தலையிடி, குனியும்போது மூக்கிலிருந்து தெளிந்த நீர் வடிதல் ஆகிய நான்கும் கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதப்பட்டன. அவற்றில் எது வந்தாலும் கிளினிக் திகதியைப் பார்க்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வர வேண்டும் என்று அவருக்கும் மனைவிக்கும் சொல்லப்பட்டது.